லாத்வியா சுயிட்டி பெண்கள் பாட்டு: ஒரே சுரத்தை இழுப்பவர்களுக்கு என்ன வேலை?

வெண்கலம்:
லாத்வியாவில் சுயிட்டி சமூகத்தார் வாழும் அல்சுங்கா ஊர்ப் பெண்கள் பாடும் காணொளி பார்த்தேன். ஒருத்தி இரண்டு வரி பாடுகிறாள், இன்னொருத்தி அதையே வாங்கிப் பாடுகிறாள். மற்றவர்கள் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தில் நிற்கிறார்கள். இந்த மேற்கத்திய சேர்ந்திசை எனக்குப் புதிது. இழுக்கிறவர்கள் வெறும் பின்னணிதானா?

ரீகாவாசி:
பின்னணி இல்லைங்க. எடுத்துக்கொடுப்பவர் தெய்ட்சேயா, திருப்பிப் பாடுபவர் லொட்சீதாயா, இழுப்பவர்கள் வில்ட்சேயாஸ். மூவருக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதே அவரவர் வேலை தனி என்பதால்தான். பின்னவர்கள் ஒரு நெடில் உயிரொலியைப் பிடித்து நிற்பதால்தான் மெட்டு சாயாமல் இருக்கிறது. இன்னொன்று: எடுத்துக்கொடுப்பவருக்கு அடுத்த வரியை யோசிக்க அதில் நேரம் கிடைக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை அந்த இடத்திலேயே வரி கட்டிக் கேலி செய்வார்களே, அதற்கு இந்த அவகாசம் ரொம்பத் தேவை. எனக்கு இந்தப் பாட்டில் உயிர் என்று படுவதே அந்தக் கேலிதான். மேடையில் கேட்டால் பாதி போய்விடும்.

லூத்தரன் சபையார் சூழ்ந்த மேற்கு லாத்வியாவின் குர்சேமே பகுதியில், 17ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கர்களாகத் தனித்து வாழ்ந்த சிறு சமூகம் இந்தச் சுயிட்டிகள். பெண் கொடுத்து எடுத்ததும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயேதான். பழைய பாட்டும் உடுப்பும் தங்கியதற்கு அது முக்கியக் காரணம். சுயிட்டி மரபை யுனெஸ்கோ 2009இல் சேர்த்தது சாதாரணப் பட்டியலில் இல்லை, உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில்!

ஏட்டுச்சுவடி:
தலைநகர் ரீகாவில் 1873இல் தொடங்கிய பாட்டு விழாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே சுரக்குறிப்பு எழுதி, குரல் பிரித்து, நடத்துநர் கைபார்த்துப் பாடுவார்கள். 1947இல் தொடங்கிய ஜிந்தார்ஸ் பெண்கள் குழு அந்த வழி. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்: தைனா எனும் நாலடிப் பாட்டுகள். கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் தொகுத்து 1894 முதல் 1915 வரை வெளியிட்டதில் மாற்று வடிவங்களும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. துண்டுச்சீட்டுகளில் எழுதி அவர் அடுக்கிய அலமாரி இப்போது ரீகா தேசிய நூலகத்தில்.

வெண்கலம்:
நன்றி! நேரில் கேட்க எப்போது போகலாம்?

ரீகாவாசி:
ஜூன் 23 இரவு, யானி எனும் நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள். ஒவ்வொரு வரிக்கும் ‘லீகோ’ என்று முடித்து விடியவிடியப் பாடுவார்கள். அது நாடு முழுக்க நடக்கும். சுயிட்டி பாட்டுக்கு அல்சுங்காவுக்கே போங்கள். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தவறவிடாதீர்கள், உங்களையும் சேர்த்துக் கேலி செய்வார்கள்.