நரித்தோலின் தரம் ஏன் குறைகிறது? உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பொறி வைத்துப் பிடித்த விலங்குகளின் ரோமத்தோலை ஏலத்துக்கு அனுப்பிப் பழகியவர்கள் எனக்கு வழிகாட்ட வேண்டும்.

இம்முறை நான் அனுப்பிய செந்நரித் தோல்களில் பெரும்பகுதி இரண்டாம் தரத்துக்குத் தள்ளப்பட்டது, விலையும் சரிந்தது. அளவில் குறையில்லை, கிழிசலும் இல்லை. சிலவற்றின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தது. முடி வளர்ந்து முடியாதவரை நிறமி தோலிலேயே தங்கும், முழுதாக வளர்ந்த பிறகே தோல் வெளுக்கும். ஆகவே அவற்றுக்கு விலை குறைந்தது நியாயம்தான்.

புரியாதவை மற்றவை. உட்புறம் நன்றாக வெளுத்த தோல்களும் தரம் இறங்கியிருக்கின்றன. விற்காமல் திரும்பிய ஒன்றின் முடியை ஊதி விலக்கிப் பார்த்தேன். அடிமயிர் அடர்த்தியாகவே இருக்கிறது. இடுப்பருகே மேல்முடியின் நுனி மட்டும் கொக்கிபோல் சுருண்டிருக்கிறது. இது வெயிலால் வந்ததா, உலர்த்திய அறையின் சூட்டாலா? கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியுமா? குளிர்காலக் கடைசியில் நரி உரசித் தேய்த்த இடமும் இப்படித்தான் இருக்குமா?

பீவர், மஸ்க்ராட் ஆகிய நீர்வாழ் கொறிவிலங்குகளின் தோல்கள் தாமதமாக முதிர்பவை, அவற்றுக்குக் காத்திருக்கலாம். நரிக்கு எந்தக் கட்டத்தில் பொறியை எடுத்துவிடுகிறீர்கள்? ஓர் உயிரை எடுத்தபின் அதன் தோல் வீணாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள், படங்களை அனுப்புகிறேன்.