கரண்ட் போனதில் பார்ட்டிஷன் டேபிள் காலி: எந்த அளவை எழுதுவது?

வீட்டு டெஸ்க்டாப் பூட் ஆகவில்லை. போன சனிக்கிழமை ராத்திரி, உபுண்டு லினக்ஸ் போட இடம் வேண்டும் என்று ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளில் டி டிரைவைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் கிடையாது. அதிலிருந்து கறுப்புத் திரையில் "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்ற ஒரே வரிதான்.

2013-ல் வாங்கிய மெஷின், பழைய பயாஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்க், எம்பிஆர் முறை (பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல், முதல் செக்டரிலேயே இருக்கும் பழைய முறை), விண்டோஸ் 10. சி 150 ஜிபி, டி 781 ஜிபி. அப்பா இருந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் டி-யில்தான் இருக்கின்றன.

விண்டோஸ் யுஎஸ்பியில் பூட் செய்து பூட் கோடைச் சரிசெய்யும் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை கொடுத்தேன், வெற்றி என்றது, பலன் இல்லை. விண்டோஸைத் தேடிப் பூட் பட்டியலில் சேர்க்கும் ரீபில்ட்பிசிடி கொடுத்தால் கிடைத்த விண்டோஸ் 0. அப்புறம் லைவ் உபுண்டுவில் முதல் செக்டரை ஹெக்ஸில் திறந்து பார்த்தேன்: 512 பைட்டில் கடைசி இரண்டும் 55 ஏஏ என்று சரியாகவே இருக்கின்றன, ஆனால் 446-லிருந்து வரும் 64 பைட் முழுக்கப் பூஜ்யம், அதாவது டேபிளே காலி. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் கெட்ட செக்டர் எதுவும் இல்லை. மேற்கொண்டு தொடும் முன் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் வெளி டிரைவில் இமேஜ் (அப்படியே நகல்) எடுத்துவிட்டேன்.

இப்போது தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளின் டீப் சர்ச்சில் சி சரியாக வருகிறது. டி மட்டும் ஒரே செக்டரில் தொடங்கி 781 ஜிபி, 580 ஜிபி என இரண்டு அளவில் வருகிறது. இரண்டிலும் ஃபோல்டர்கள் தெரிகின்றன, ஆனால் காப்பி செய்து பார்த்த படங்களில் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். இன்னும் டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை.

சுருக்குவது பாதியில் நின்ற இந்த நிலையில், டேபிளில் 781-ஐ எழுதுவதா, 580-ஐயா?