தண்ணீர் பில் மூன்று மடங்கு! எங்கே போகிறது இவ்வளவு தண்ணீர்?

கேள்வி:
வீட்டில் நானும் அம்மாவும்தான். தோட்டம் கிடையாது. ஆனால் இந்த முறை பில் மூன்று மடங்கு. குழாய் எதுவும் சொட்டவில்லை, சுவரில் ஈரமும் இல்லை. தண்ணீர் அலுவலகத்தில் கேட்டால் "மீட்டர் சரியாகத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
பில்லில் உள்ள ரீடிங்கும் மீட்டரில் இருப்பதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆள் வராமல் உத்தேசமாகப் போட்டிருக்கலாம். அப்படியென்றால் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பதில் 2:
ரீடிங் சரியென்றால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். மேல்தொட்டி இருந்தால் அது நிரம்பி நின்ற பிறகு. பல மீட்டர்களில் முகப்பில் சின்னச் சக்கரமோ முக்கோணமோ இருக்கும்; அது நகர்ந்தால் கசிவுதான். அப்புறம் வீட்டுக்குள் வரும் மெயின் வால்வை மூடுங்கள். சக்கரம் நின்றால் கசிவு உள்ளே. நிற்காவிட்டால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே, மண்ணுக்கடியில். அதுதான் செலவு வைக்கும்.

என் சந்தேகமெல்லாம் ஃப்ளஷ் தொட்டி மேல்தான். சத்தமே வராது. தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது. நிமிடத்துக்கு 1 லிட்டர் கசிந்தாலே நாளைக்கு 1,440 லிட்டர்.

கேட்டவர்:
அதேதான்! நிறம் இறங்கிவிட்டது. ரப்பர் விளிம்பு வளைந்து, தொட்டால் கையெல்லாம் கறுப்பு. மாற்றியாச்சு. சரி, பில்?

பதில் 1:
கெடு தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பிளம்பர் ரசீது, பழைய ரப்பரின் படம், மாற்றிய பிறகு எடுத்த ரீடிங் மூன்றையும் இணையுங்கள். கசிவுக்குத் தள்ளுபடி எல்லா இடத்திலும் கிடையாது. தவணையாவது கேட்டுப் பாருங்கள்.