ஊரில் ஐந்து கிழமை: புலமைப்பரிசில் வகுப்பு பற்றி

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக நம் தீவுப் பிள்ளைகளுக்கு ஊரில் ஐந்து கிழமை வகுப்பு நடத்திவிட்டு, போன வெள்ளிக்கிழமை கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். "வகுப்பு எப்பிடிப் போச்சு, எத்தினை பேர் பாஸ் பண்ணுவினம்?" என்று பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, அதுவரை வாசியுங்கள்.

இங்கே எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. ஆனால் ஊரில் ஆடி மாதம் பள்ளிக்கூடம் நடக்கிற காலம். அதனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு வருவார்கள், ஐந்து மணிவரை வகுப்பு. சனிக்கிழமை காலையில். இடம் சனசமூக நிலையத்தின் முன்மண்டபம், ஓடு மாற்றுவதற்கு நீங்கள் காசு சேர்த்து அனுப்பினீர்களே, அதே கட்டடம். மொத்தம் 19 பிள்ளைகள். தரம் ஐந்தில் 11, தரம் நான்கில் 8. நம்மூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும். தகப்பன்மாரில் அரைவாசிப் பேர் கடல்தொழில், சிலர் கள்ளுச் சீவல், சிலர் மேசன் வேலை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் மூன்றாம் வகுப்பிலிருந்தே வான் வண்டியில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ரியூசன் போகிறார்கள்.

போகும்போது ஒரு பெட்டி நிறைய மாதிரி வினாத்தாள்கள் கொண்டு போனேன். எண் கோலம், உருவக் கோலம், பொருந்தாததைத் தெரிவு செய்தல், இவற்றுக்கெல்லாம் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தால் ஐந்து கிழமைக்குள் பத்து, பதினைந்து புள்ளி ஏற்றிவிடலாம் என்ற எண்ணம். இரண்டாம் நாளே அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டி வந்தது.

ஒரு வினாவில், ஆற்றின் ஓட்டத்தோடு போன படகு ஓர் இடத்துக்குப் போய்ச் சேர 20 நிமிடம் எடுத்தது, அதே வழியால் திரும்பி வர எடுக்கக்கூடிய நேரம் எது என்று கேட்டிருந்தார்கள். 15, 20, 30 என்று மூன்று விடைகள். முன் வாங்கில் இருந்த கடல்தொழிலாளியின் மகள் 15க்குக் கீழே கோடு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். என்னைத் திருப்பிக் கேட்டாள்.

"ரீச்சர், சோளகமோ வாடையோ?"

"காத்தைப் பற்றிக் கேள்வியில ஒண்டும் இல்லையே அம்மா."

"காத்தைப் பாக்காமல் எப்பிடி ரீச்சர் சொல்லுறது? போகேக்க காத்து எதிரா இருந்திருந்தா வரேக்க கெதியா வந்திடும்."

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு மூளை குறைவா? பெரியவர்கள் பார்க்க மறந்த ஒன்றையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். நம் தீவில் ஆறு ஏது? குடாநாட்டிலேயே மழைக்கு ஓடி வெயிலுக்குக் காய்கிற வழுக்கியாற்றை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. "இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர்" என்று பத்தொன்பது பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும் என்பதை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அடுத்த நாள் கூரைப் பீலித் தகரம் ஒன்றை வாங்கில் சாய்த்து வைத்து, வாளியால் தண்ணீர் ஊற்றி, கடதாசிக் கப்பல் விட்டுக் காட்டினேன். பவுசர் வண்டி கொண்டுவந்து ஊற்றிய நல்ல தண்ணீரை எடுக்கப் பிள்ளைகள் என்னை விடவில்லை. உவர்க் கிணற்றில் அள்ளித்தான் ஆறு ஓடவிட்டோம். ஓட்டத்துக்கு எதிராகக் கப்பலை விரலால் தள்ளிப் பார்த்தவுடன் அவளே கொப்பியில் 15ஐ அழித்துவிட்டு 30 என்று எழுதினாள்.

ஆனால் இதைவிடப் பெரிய பிரச்சினை வாசிப்பு. ஒரு பையன் கணக்கில் வலு கெட்டிக்காரன். நான் வாயால் சொன்னால் சொல்லி முடிக்குமுன் விடை சொல்வான். அதே வினாவைத் தாளில் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போவான். ஒரு நாள் கைபேசியில் நேரம் பிடித்தேன். நான்கு வரி வினா ஒன்றை வாசித்து முடிக்க ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், நேரம் ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். அவன் வாசித்து முடிக்குமுன்னே அந்த வினாவின் நேரம் போய்விடுகிறது. இவனுக்குக் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்து என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து முதல் அரை மணித்தியாலம் வாசிப்பு மட்டும்தான். புத்தகம் போதவில்லை. நிலையத்துக்கு வரும் உதயன் பேப்பரை எடுத்தோம். செய்திகளில் பிள்ளைகளுக்குப் பெரிய விருப்பம் இல்லை. அவர்கள் தாங்களாகவே திருப்பிக்கொண்டு போன பக்கம் மரண அறிவித்தல். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, பிறகு விளங்கியது. "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" என்று ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் நீண்ட வசனங்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாம் தெரிந்தவை. தெரியாத பெயர்கள் நாடுகளும் நகரங்களும். சூரிச் எங்கே இருக்கிறது, ஒஸ்லோ எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தேசப்படத்தில் தேடினார்கள். பாசமிகு, அன்னாரின், மைத்துனர், பேத்தி என்று உறவுமுறைச் சொற்களெல்லாம் வந்தன. "இன்னாருக்கு இன்னார் என்ன முறை" என்ற வினா பரீட்சையில் அடிக்கடி வருகிறது, அதற்கும் அந்தப் பக்கமே பயிற்சியானது. ஐந்தாம் கிழமை அந்தப் பையனுக்கு மறுபடி நேரம் பிடித்தேன். அதேயளவு வினா, 50 விநாடி. விரல் வைப்பதை இன்னும் விடவில்லை, அது மெல்லத்தான் போகும்.

நல்லூர்க் கொடியேற்றத்தன்று ஒன்பது பேர்தான் வந்தார்கள், அதைப் பற்றி முறைப்பட நான் யார். பரீட்சைக்குச் சில நாள் முன்பே வகுப்புகளை நிறுத்திவிட வேண்டும் என்பது பரீட்சைத் திணைக்களத்தின் கட்டளை, அதன்படி நிறுத்தினோம். பெறுபேறு வரும்போது தெரியும். நாடு முழுக்க மூன்று லட்சம் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குத்தான் வெட்டுப்புள்ளி, அதாவது சித்தியடையத் தேவையான குறைந்த புள்ளி, கிடைக்கிறது. நம் 11 பேரில் இரண்டு பேருக்கு வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்கு மேல் சொல்லி யாருக்கும் நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை.

சுவிஸிலிருந்து எழுதிய அண்ணை, பத்து வயதுப் பிள்ளைகளை வதைக்கும் இந்தப் பரீட்சைக்கு நம் ஊர்ச் சங்கம் ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் அதை நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அண்ணை, யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களான யாழ் இந்துவுக்கோ வேம்படிக்கோ நம் தீவுப் பிள்ளை போவதற்கு வேறு எந்த வாசல் இருக்கிறது? அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பு அனுமதியில் பாதி இடம் பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, காற்பங்கு பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. இரண்டிலும் நம் பிள்ளைகள் இல்லை. ஆறாம் வகுப்பில் திறக்கும் இந்த ஒரு வாசல்தான் மிச்சம். 1940களில் கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி வந்த அதே காலத்தில், இந்தப் புலமைப்பரிசிலைக் கொண்டுவந்ததே கிராமத்து ஏழைப் பிள்ளை விடுதியோடு கூடிய மத்திய பாடசாலையில் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான். இன்றைக்கு வானும் ரியூசனும் உள்ளவர்கள் அந்த வாசலில் முன்னுக்கு நிற்கிறார்கள். அதற்காக நம் பிள்ளைகளை வீட்டிலே இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய மற்றக் கேள்விதான் எனக்குக் கடினமானது. கெட்டிக்காரப் பிள்ளைகளை நாமே நகரத்துக்கு அனுப்பினால் ஊர்ப் பள்ளிக்கூடம் என்னாவது? ஓம், அது உண்மை. ஏற்கெனவே ஆறாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வகுப்பை வெட்டுப்புள்ளிக்காக மட்டும் நடத்தக்கூடாது. வாசிக்கப் பழகிய பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாலும் அந்த வாசிப்பு அதனோடுதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் சங்கத்தின் மேல் எனக்குள்ள மனக்குறை. சில ஆண்டுகளுக்கு முன் வெட்டுப்புள்ளி எடுத்த ஒரு பெண்பிள்ளைக்கு மேடையில் பொன்னாடை போர்த்து, சைக்கிளும் கொடுத்துப் படம் எடுத்தோம். படம் இந்தக் குழுவிலும் வந்தது, எல்லோரும் வாழ்த்தினோம். இந்த முறை அந்தப் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடச் சீருடையில் கண்டேன். தாய் சொன்னா: நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப விடிய ஐந்தரைக்கு எழுப்பி, குறிகட்டுவான் பஸ்சுக்கு மதவடிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுகொண்டே பயணம். பின்னேரம் மேலதிக வகுப்பு முடிந்து வர இருட்டிவிடும். பதினொரு வயதுப் பெண்பிள்ளையை இருட்டில் பஸ்சால் இறங்க விட்டு எப்படி வீட்டில் இருப்பது? எட்டு மாதத்தோடு நிறுத்திவிட்டா. "ஆரும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றா. அந்தச் சொல் எனக்குச் சுட்டது. மேடையோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நாமும்தான் இருந்துவிட்டோம்.

கோரிக்கைக்கு வருகிறேன். பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் காசில் பெரும்பகுதியை இரண்டு விடயத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன். ஒன்று, ஆண்டு முழுக்க வாரத்தில் மூன்று பின்னேரம் வாசிப்பு வகுப்பு, மூன்றாம் வகுப்பிலிருந்து. என்னோடு ஐந்து கிழமையும் நின்ற தங்கச்சி உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறா. பிள்ளைகளோடு அவவுக்கு என்னைவிடப் பொறுமை. மாதம் 25,000 ரூபா கொடுத்தால் அவ நடத்துவா, அவ போனால் அடுத்த பிள்ளை வரும். நான் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவதால் கிடைக்கும் பலனைவிட இது பல மடங்கு. மற்றது, நகரத்துக்கு அனுமதி கிடைக்கும் பிள்ளைக்கு ஆறாம், ஏழாம் வகுப்பு இரண்டு ஆண்டுக்கும் வான் காசு. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைதான், நம்மால் முடியும். அந்தப் பெண்பிள்ளையைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று அதிபரிடம் கேட்டுத் தருவதாக ஊரிலுள்ள நிர்வாகசபை மாமா சொல்லியிருக்கிறார்.

சூம் கூட்டம் வாற ஞாயிறு, கனடா நேரம் காலை பத்துக்கு. சைக்கிள் கொடுப்பதை நிறுத்தக்கூடாது என்று நினைப்பவர்களும் கட்டாயம் வாருங்கள், பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னுமொன்று. மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள் யாரேனும் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். சிறுவர் கதைப் புத்தகங்கள் ஒரு பெட்டி சேர்த்து வைத்திருக்கிறேன், எட்டுக் கிலோ வரும். பையன் ஒருவன் உலகப் படம் ஒன்றும் கேட்டிருக்கிறான், ஒஸ்லோவும் ஸ்காபரோவும் தெரிகிற அளவு பெரிதாக.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் சகோதரி