கணையக் கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுவை ஏன் அழித்துவிடக் கூடாது?

தாமிரபரணிக்காரன்:
மாமாவுக்குக் கணையப் புற்றுநோய். பயாப்ஸி பார்த்த டாக்டர், கட்டியில் புற்றுநோய் செல்கள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நார்த்திசு, கீமோ மருந்து உள்ளே போகவிடாமல் அதுதான் தடுக்கிறது என்றார். அப்படியென்றால் முதலில் அந்த நாரைக் கரைத்துவிட்டு மருந்து ஏற்றலாமே? இரண்டு நாளாக இதே யோசனை.

பெட்ரிதட்டு:
அண்ணா, ஆராய்ச்சியாளர்களுக்கும் முதலில் இதேதான் தோன்றியது. கணையத்தில் ஸ்டெல்லேட் செல்கள் என்று உண்டு. சும்மா இருக்கும்போது விட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்து வைத்திருக்கும். பக்கத்தில் புற்றுநோய் வந்ததும் அதன் சமிக்ஞைகளால் குணம் மாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டிக் கொட்டி அந்த இடத்தையே இறுக்கிவிடும். ரத்தக் குழாய்கள் நசுங்கிப்போவதால்தான் மருந்து போவதில்லை. போதாததற்கு இந்தச் செல்கள் அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுரந்து புற்றுநோய் செல்லுக்கு ஊட்டுகின்றன என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். காவலும் அதுவே, சாப்பாடும் அதுவே.

2009-ல் எலிகளுக்கு, நார் செல்களை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது நார் குறைந்து கீமோவும் உள்ளே போனது. ஆனால் மனிதர்களிடம் அதே மருந்தைச் சோதித்தபோது, அதைச் சேர்த்து எடுத்தவர்கள் வெறும் கீமோ எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். 2012-ல் சோதனையை நிறுத்தினார்கள்.

தாமிரபரணிக்காரன்:
படிக்கவே பகீர் என்கிறது. ஏன் அப்படி ஆனது?

மைக்ராஸ்கோப்:
அதே நார் கட்டிக்கு வேலியாகவும் இருந்திருக்கிறது தம்பி. 2014-ல் இரண்டு குழுக்கள் எலிகளில் காட்டின: நார் செல்களை அழித்தாலோ அவற்றை வளர்க்கும் சமிக்ஞையை வெட்டினாலோ கட்டி இன்னும் மூர்க்கமாகிறது, எலி சீக்கிரம் சாகிறது. அப்புறம் 2017-ல், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்கிற இந்த நார் செல்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று தெரிந்தது. கட்டியை ஒட்டி இருப்பவை நாரை இறுக்கும், தள்ளி இருப்பவை இன்டர்லூகின்-6 மாதிரியான அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்ததுதான் தப்பு என்பேன்.

பெட்ரிதட்டு:
ஆமாம், அதனால்தான் இப்போது கொல்வதைவிட அந்தச் செல்களைப் பழைய அமைதிக்குத் திருப்பப் பார்க்கிறார்கள், விட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு மருந்தைக் கீமோவோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். அண்ணா, இதைப் படித்துவிட்டு மாமாவுக்கு விட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் கல்லீரல் கெட்டுப்போகும். சோதனைகளில் சேர முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.