டிஸ்க் குளோன் செய்த பிறகு எல்விஎம் எழவில்லை, அவசரம்

அல்சூர்வாசி:
நேற்று ராத்திரி பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகல் எடுத்தேன். காலையில் ரீபூட் செய்தால் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் அமைப்பு) மேல் இருக்கும் டேட்டா மவுண்ட் ஆகவில்லை. டூப்ளிகேட் என்று ஏதோ திட்டுகிறது. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்துவிடுவார்கள். யாராவது உதவுங்கள்.

கேபிள்தாசன்:
சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

டெபியன்பித்தன்:
எந்த லினக்ஸ்? எதை வைத்து நகல் எடுத்தீர்கள்? விஜியில் (எல்விஎம் டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) மொத்தம் எத்தனை டிஸ்க்? மெசேஜை அப்படியே போடுங்கள், 'ஏதோ திட்டுகிறது' என்றால் நாங்கள் எதைப் பார்ப்பது?

சோலாரிஸ்தாத்தா:
தம்பி, டிடி (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் கட்டளை) அடித்தால் டேட்டா மட்டுமா போகும்? யூயூஐடியும் (தனி அடையாள எண்) கூடவே போகும். எல்விஎம் ஒரு பிவியை (விஜியில் சேர்த்த டிஸ்க் அல்லது பார்ட்டிஷன்) அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். ஒரே ரேஷன் கார்டோடு இரண்டு பேர் வந்து நின்றால் யாருக்கு அரிசி போடுவது? அதனால்தான் விஜியை ஆக்டிவேட் செய்ய மறுக்கிறது. எங்கள் வெரிடாஸ் (எல்விஎம் போன்ற இன்னொரு மென்பொருள்) இந்த மாதிரி நகலை 'யூடிஐடி மிஸ்மேட்ச்' என்று தானே காட்டிக்கொடுக்கும். இப்போது யார் மேன் பேஜ் (கட்டளைக் கையேடு) படிக்கிறார்கள்!

வைட்ஃபீல்டுக்காரன்:
சான் ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக இணைந்த டிஸ்க்) என்றால் ஒரே டிஸ்க் இரண்டு பாதையில் தெரிந்தாலும் இதே எச்சரிக்கை வரும். மல்டிபாத் பாருங்கள்.

அல்சூர்வாசி:
சான் எல்லாம் இல்லை சார், டொம்லூரில் சின்ன ஆபீஸ், ஒரு டவர் மெஷின். டெபியன் 12. டிடிதான். விஜியில் ஒரே டிஸ்க். இரண்டும் 2 டிபி, ஒரே மாடல், இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. பழையதன் பெயர் எஸ்டிபி, புதியது எஸ்டிசி. நகலுக்குப் புது அடையாளம் கொடுக்கும் விஜிஇம்போர்ட்குளோன் என்று ஒரு கட்டளை படித்தேன், எஸ்டிசி மேல் ஓட்டட்டுமா?

டெபியன்பித்தன்:
நில்லுங்கள்! எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியல் நம்பர் எடுத்து, டிஸ்க் மேலுள்ள லேபிளோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் நகல் மேல் மட்டும் ஓட்டுங்கள். பிவி பார்ட்டிஷனில் இருந்தால் முழு டிஸ்க்கை அல்ல, அந்தப் பார்ட்டிஷனைக் கொடுக்க வேண்டும். விஜி பெயரும், பிவி, விஜி இரண்டின் யூயூஐடியும் மாறும். உள்ளே இருக்கும் ஃபைல்களைத் தொடாது.

வைட்ஃபீல்டுக்காரன்:
டிடிக்குப் பதில் குளோன்ஸில்லா (டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருள்) போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

சோலாரிஸ்தாத்தா:
குளோன்ஸில்லாவும் யூயூஐடியை அப்படியேதான் நகலெடுக்கும். தெரியாமல் பேசாதீர்கள்.

வைட்ஃபீல்டுக்காரன்:
குளோன்ஸில்லா காலியான இடத்தையும் சேர்த்து நகலெடுக்காது, அதைச் சொன்னேன். வெரிடாஸ் காலத்தை விட்டு வெளியே வாருங்கள் ஐயா.

கேபிள்தாசன்:
ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் இருக்க இரண்டும் எதற்கு?

அல்சூர்வாசி:
டார்ச் அடித்து, கழுத்தை ஒடித்து லேபிளைப் படித்தேன். புதியதுதான் எஸ்டிபி ஆகியிருந்தது!! அதன் மேல் ஓட்டினேன், பழையது எழுந்துவிட்டது. நகலை மட்டும் மவுண்ட் செய்தால் 'தவறான ஃபைல்சிஸ்டம்' என்கிறது. ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்.

டெபியன்பித்தன்:
ஃபைல்சிஸ்டத்துக்கும் தனி யூயூஐடி உண்டு, அது இன்னும் பழையதுதான். டிமெசேஜ் (கெர்னல் செய்திகள்) பார்த்தால் தெரியும். ஒருமுறை 'நோயூயூஐடி' (ஒரே யூயூஐடி இருந்தாலும் பரவாயில்லை என்னும்) ஆப்ஷனோடு மவுண்ட் செய்து, அன்மவுண்ட் செய்து, எக்ஸ்எஃப்எஸ் அட்மின் கட்டளையில் புது யூயூஐடி கொடுங்கள்.

அல்சூர்வாசி:
ஆச்சு. நன்றி அண்ணா. தூங்கப் போகிறேன்.

சோலாரிஸ்தாத்தா:
தம்பி, டிடி அடிக்கும்போது பழைய டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்ததா? அப்படியென்றால் நகலெடுக்கும்போதே டேட்டா மாறியிருக்கலாம், அந்த நகல் அரைவேக்காடு. எழுப்பிக் கேளுங்கள் யாராவது.