புதுப்பிப்பு: 'வான்வழி வேர்' சரியா?

போன வாரம் கேட்டிருந்தேன்: மகள் கட்டுரையில் 'ஆலமரத்தின் வான்வழி வேர்கள்' என்று எழுத, ஆசிரியர் ஏன் சிவப்பு மையில் சுழித்தார் என்று.

விடை கிடைத்தது. அகராதியில் 'ஏரியல்' (aerial) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வான்வழி' என்று பார்த்து, அப்படியே ஒட்டிவிட்டாள். சொல்லுக்குள்ளேயே 'வழி' இருக்கிறதே! வானம் வழியாகப் போவதற்கும் நிகழ்வதற்கும்தான் அது பொருந்தும்: வான்வழிப் பயணம், வான்வழித் தாக்குதல். வேர் எங்கே பயணம் போகிறது? அதற்குத்தான் விழுது என்ற அழகான சொல் இருக்கிறதே. எனக்கே உறைக்கவில்லை.

அப்புறம், 'வான்வழி'க்குப் பின் ப், த் மிகும்.

நேற்று சிங்கப்பூரின் ஃபேபர் மலையிலிருந்து செந்தோசா தீவுக்கு கேபிள் காரில் போனோம். "அப்பா, இது வான்வழிப் பயணம்தானே?" என்றாள். சரி என்றேன்.